நூறு சதவீத உத்தரவாதம்… கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்!

செத்தவர்கள் எழுந்து வந்து, உயிரோடு இருப்பவர்களைக் கடித்துத் தின்னத் தொடங்கினால் அமேசானின் மென்பொருளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? சிரிக்காதீர்கள். இதற்கு ஒப்பந்தத்திலேயே பதில் இருந்தது! 2016-இல் அமேசான் வெப் சர்வீசஸ், ‘லம்பர்யார்ட்’ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளை வெளியிட்டபோது, சேவை விதிமுறைகளில் ஒரு பத்தியைச் செருகியது. மருத்துவக் கருவி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, அணு உலை, விண்கலம் என்று உயிரோடு விளையாடும் இடங்களில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது முதல் பாதி. கடிபட்டால் பரவும் வைரஸ் வந்து, பிணங்கள் எழுந்து மனித மாமிசம் தேடி அலைந்தால் அந்தத் தடை பொருந்தாது என்பது இரண்டாம் பாதி. அதையும் சும்மா விடவில்லை. அப்படியொரு நோய் வந்திருக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சான்றளிக்க வேண்டுமாம்!

ஜாம்பி வரைக்கும் யோசித்து எழுதி வைக்கும் வக்கீல்கள் உள்ள துறை இது. அந்தத் துறையிடம் போய் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டுப் பாருங்களேன்: “உங்க சாஃப்ட்வேரை வாங்கினா நான் சட்டப்படி எல்லாம் சரியாத்தான் செய்யறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?” அதுவரை மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்த சேல்ஸ்காரருக்குத் திடீரென்று நெட்வொர்க் கிடைக்காமல் போய்விடும்.

இத்தனைக்கும் அவருடைய இணையதளத்தில் பச்சை டிக்கோடு ‘100% கம்ப்ளையன்ட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒப்பந்தத்தைப் புரட்டினால் அந்த வாக்கியத்தைக் காணவே காணோம். நடுவில் எங்கே தொலைந்தது? அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கம்பெனிக்குள் நுழைந்து பார்த்துவிடுவோம். வாருங்கள், அடையாள அட்டையெல்லாம் வேண்டாம்!

கேடயத்தை வரைந்தது யார்?

முதலில் மார்க்கெட்டிங். நம் வாக்கியம் பிறக்கும் இடம். பிறக்கும்போது அதற்கு நல்ல ஆரோக்கியம்!

அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மென்பொருள் விற்கும் பல நிறுவனங்களின் தளத்தில், பக்கத்தின் அடியில் முத்திரைகள் வரிசை கட்டி நிற்கும். நீலக் கேடயம், அதற்குள் பாம்பு சுற்றிய கோல், கீழே ‘ஹிப்பா கம்ப்ளையன்ட்’ என்று ஒரு வரி. ஹிப்பா என்பது 1996-இல் வந்த அமெரிக்கச் சட்டம். நோயாளியின் மருத்துவத் தகவல் கண்டவர் கைக்குப் போகாமல் காப்பதற்கான விதிகள் அதன் கீழ்தான் வருகின்றன.

இப்போது முதல் ரகசியம். அந்தக் கேடயத்தை எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை! ஹிப்பாவை அமல்படுத்தும் அமெரிக்க சுகாதாரத் துறை எந்த மென்பொருளுக்கும் ஹிப்பா சான்றிதழ் வழங்குவதில்லை. தனியார் யாராவது வழங்கினால் அதை அங்கீகரிப்பதும் இல்லை. இதைத் துறையே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் கேடயம் எங்கிருந்து வந்தது? கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சியும் முத்திரையும் தரும் தனியார் நிறுவனம் கொடுத்திருக்கலாம். அல்லது உள்ளே உட்கார்ந்திருக்கும் டிசைனரே ஒரு மத்தியானத்தில் வரைந்திருக்கலாம். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே பளபளப்பு.

சில சமயம் இங்கே உற்சாகம் கரை மீறிவிடும். ஆக்சஸிபி என்ற நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உட்பட எல்லோரும் பயன்படுத்தும்படி இணையதளங்கள் இருக்க வேண்டும் என்பதற்கு டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச விதிமுறை இருக்கிறது. இந்த நிறுவனத்தின் கருவியைத் தளத்தில் செருகிவிட்டால் போதும், செயற்கை நுண்ணறிவு எந்தத் தளத்தையும் அந்த விதிமுறைக்குப் பொருந்த வைத்துவிடும் என்று விளம்பரம் செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. ‘எந்தத் தளத்தையும்’ என்று சொன்னீர்களே, ஆதாரம் எங்கே என்பதுதான் ஆணையத்தின் கேள்வி. ஒரே ஒரு ‘உம்’ விகுதியின் விலை பத்து லட்சம் டாலர்!

“ரோட்மேப்புல இருக்குன்னு போடு!”

அடுத்தது சேல்ஸ், அதை ஒட்டி, வாங்குகிறவரின் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் ப்ரீசேல்ஸ். சென்னை ஓஎம்ஆரில் ராத்திரி விளக்கு அணையாத அலுவலகங்கள் பலவற்றில் நடப்பது இந்த வேலைதான். வாங்குகிறவர் அமெரிக்காவில் அப்போதுதான் காலை காபி குடித்துக்கொண்டிருப்பார்.

அவர் ஒரு எக்செல் ஃபைல் அனுப்புவார். பெயர் செக்யூரிட்டி கொஸ்டினேர். வேலையை விட்டுப் போனவரின் லாகினை எவ்வளவு நேரத்தில் முடக்குவீர்கள்? பேக்கப்பை எப்போது கடைசியாகச் சோதித்தீர்கள்? என்கிரிப்ஷன் சாவி யார் கையில்? கிளவுட் செக்யூரிட்டி அலையன்ஸ் என்ற அமைப்பு தயாரித்த கேள்வித்தாளின் நான்காம் பதிப்பில் மட்டும் 261 கேள்விகள்! இது போதாதென்று ஒவ்வொரு பெரிய வாடிக்கையாளரும் சொந்தமாக ஒன்று வைத்திருப்பார். எனவே ப்ரீசேல்ஸ் குழு பழைய பதில்களையெல்லாம் சேர்த்து ஒரு வங்கி வைத்திருக்கும். வெட்டு, ஒட்டு, அனுப்பு.

காலாண்டு முடிய இன்னும் இரண்டே நாள் இருக்கும்போது இந்த ஃபைல் வந்து விழுந்தால் நடக்கும் கூத்தைக் கற்பனையாக எழுதிப் பார்க்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்ளவும்.

“மேடம், 114-வது கேள்விக்கு ‘யெஸ்’னு போட்டுடட்டுமா? கிளையன்ட் நாளைக்கே வேணுங்கறாங்க.”

“அந்த ஃபீச்சர் நம்மகிட்ட இல்லையேப்பா.”

“அடுத்த ரிலீஸ்ல வருதுன்னு புராடக்ட் டீம்ல சொன்னாங்க மேடம்.”

“எந்த ரிலீஸ்?”

“அது… இன்னும் முடிவாகல மேடம்.”

“அப்ப ‘பார்ஷியல்’னு போடு. கமென்ட்ல ரோட்மேப்புல இருக்குன்னு எழுது. லீகலுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை அனுப்பு.”

ரோட்மேப்! இந்தத் துறையின் மிக அழகான சொல் இதுதான். அதில் தேதி இருக்காது, ஆனால் நம்பிக்கை நிறைய இருக்கும். ‘இல்லை’ என்று சொன்ன பாவமும் வராது, ‘உண்டு’ என்று சொன்ன பொறுப்பும் வராது.

இந்தக் கேள்வித்தாளின் அரசாங்க வடிவத்தையும் பார்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படியான மென்பொருளைத்தான் அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் வாங்க வேண்டும் என்று அங்கே சட்டம். அதற்காக 2001-இல் விபேட் என்ற படிவம் வந்தது. ஒவ்வொரு விதிக்கும் எதிரே ‘ஆதரிக்கிறது’, ‘பகுதியளவு ஆதரிக்கிறது’, ‘ஆதரிக்கவில்லை’ என்று எழுத வேண்டும். எழுதுவது யார்? விற்பவரேதான். படிவத்தின் பெயரிலேயே ‘தன்னார்வ’ என்று இருக்கிறது. சில நிறுவனங்கள் வெளியாளை வைத்து நேர்மையாகச் சோதித்து எழுதுகின்றன. சில நிறுவனங்களின் படிவத்தில் ‘பகுதியளவு’ என்ற சொல்தான் வேலை முழுவதையும் செய்கிறது.

நம் வாக்கியத்தைக் கவனித்தீர்களா? மார்க்கெட்டிங்கில் ‘100% கம்ப்ளையன்ட்’ என்று மார்தட்டிக்கொண்டு கிளம்பியது, இந்த இடத்தைத் தாண்டும்போது ‘கம்ப்ளையன்ஸுக்கு உதவும்’ என்று மெலிந்துவிட்டது. லீகல் இன்னும் பார்க்கவே இல்லை!

கத்திப் பேசும் பத்தி

இதோ லீகல். இங்கேதான் சிவப்புக் கோடு. ‘இந்த மென்பொருள் எல்லாச் சட்டங்களுக்கும் உட்பட்டிருக்கும் என்று விற்பவர் உறுதியளிக்கிறார்’ என்று வாங்குகிறவரின் வக்கீல் ஒரு வரி சேர்த்து அனுப்புவார். விற்பவரின் வக்கீல் அதை ஒரே இழுப்பில் அடித்துவிட்டு, ‘மென்பொருளை வழங்குபவர் என்ற முறையில் தனக்குப் பொருந்தும் சட்டங்களை விற்பவர் கடைப்பிடிப்பார்’ என்று மாற்றித் திருப்பி அனுப்புவார். இரண்டையும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். முதலாவதில் காப்பாற்றப்படுவது நீங்கள். இரண்டாவதில் விற்பவர் தன் வீட்டுச் சட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறார்; உங்கள் சட்டம் உங்கள் பாடு. அதுவும் எவ்வளவு மரியாதையான தமிழில்… மன்னிக்கவும், ஆங்கிலத்தில்!

ஆங்கில ஒப்பந்தங்களில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு பத்தி மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் கத்தும், பார்த்திருக்கிறீர்களா? நம் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது என்பதால் அந்தச் சத்தம் நமக்குப் புதிது. அந்தக் கத்தலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1952-இல் முதன்முதலாக வெளியான யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட், கடையில் ஒரு பொருளை விற்றாலே ‘வழக்கமான உபயோகத்துக்கு இது லாயக்கானது’ என்ற உத்தரவாதம் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்கிறது. அதை எழுத்தில் கழற்றிவிடுவதானால், கண்ணில் படும்படியாகக் கழற்ற வேண்டும் என்பது அதன் 2-316-ஆம் பிரிவு. கண்ணில் படுவதற்கு வக்கீல்கள் கண்டுபிடித்த சுலப வழிதான் பெரிய எழுத்து. அமெரிக்க நீதிமன்றங்கள் பல வழக்குகளில் மென்பொருளையும் பொருளாகவே கருதியதால், கத்தலும் கூடவே வந்துவிட்டது. அந்தப் பத்தி கத்துவதன் சாரம் இவ்வளவுதான்: உள்ளது உள்ளபடி தருகிறோம், எதற்கும் உத்தரவாதம் இல்லை.

பத்தி முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த பிரிவு. துறைக்காரர்கள் ‘கேப்’ என்பார்கள். விற்பவரின் தவறால் என்ன நஷ்டம் வந்தாலும், கடந்த பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் கட்டிய கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா கிடைக்காது என்பது இதன் வழக்கமான வடிவம். மாதம் 500 டாலர் கட்டும் ஒரு சின்ன கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளின் தகவல் கசிந்து லட்சக்கணக்கில் அபராதம் வந்தால், கேப் 6,000 டாலர். மீதிக்கு டாக்டர் தன் பையில் கைவிட வேண்டியதுதான்.

கடைசியாக வருவதுதான் மாயாஜாலம். ‘முழு ஒப்பந்தம்’ என்ற பிரிவு. இந்தக் காகிதத்தில் உள்ளது மட்டுமே நமக்குள் பேச்சு. இதற்கு முன் சொன்னது, எழுதியது, காட்டியது எதுவும் செல்லாது என்பது அதன் பொருள். டெமோவில் சொன்னது, மின்னஞ்சலில் வந்தது, பச்சை டிக், நீலக் கேடயம், ராத்திரி கண் விழித்து நிரப்பிய 261 பதில்கள், எல்லாமே அந்த ஒரு பத்தியில் காற்றோடு போய்விடலாம். கேள்வித்தாளை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பதில்களில் பாதி அடுத்த நாளே திருத்தப்பட்டு வரும்!

பச்சை அறிக்கைக்குள் ஒரு பட்டியல்

“சரி, எங்களை நம்ப வேண்டாம், ஆடிட்டரை நம்புங்கள்” என்பார்கள் அடுத்து. சாக் 2 அறிக்கை. அமெரிக்கத் தணிக்கையாளர் சங்கமான ஏஐசிபிஏ வகுத்த முறை இது. பலரும் இதைச் சான்றிதழ் என்கிறார்கள். உண்மையில் இது ஒரு தணிக்கையாளரின் கருத்து. நிறுவனம் தன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை அவர் சோதித்துத் தன் அபிப்பிராயத்தை எழுதுகிறார். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பெரும்பாலும் உங்களுக்குக் காட்டுவார்கள்.

கிடைத்தால் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே ஒரு குட்டிப் பட்டியல் ஒளிந்திருக்கும்: வாடிக்கையாளர் தரப்பில் இருக்க வேண்டிய கட்டுப்பாடுகள். பாஸ்வேர்டை யார் யாரிடம் கொடுக்கிறீர்கள், விலகியவர்களின் கணக்கை நீக்குகிறீர்களா, யாருக்கு என்ன அனுமதி என்று அவ்வப்போது பார்க்கிறீர்களா… இதையெல்லாம் நீங்கள் செய்வீர்கள் என்ற அனுமானத்தின் மேல்தான் அந்த நல்ல அபிப்பிராயமே நிற்கிறது. உங்கள் வீட்டுப்பாடத்தை உங்களுக்கே தெரியாமல் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்!

தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழிலும் இப்படி ஒரு சின்ன வரி இருக்கும், அதன் எல்லை பற்றி. எந்த அலுவலகம், எந்தச் சேவை என்று அதில் எழுதியிருக்கும். நீங்கள் வாங்கும் மென்பொருள் அந்த எல்லைக்குள் வருகிறதா என்பதை வாங்குகிறவர்களில் பலர் பார்ப்பதே இல்லை. இன்னொன்று, ஐஎஸ்ஓ என்ற அமைப்பு விதிமுறையைத்தான் எழுதுகிறது. யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. கொடுப்பது வேறு நிறுவனங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அது அந்த நாளின் நிலவரம் மட்டுமே. அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடர், கார்டு பாதுகாப்புக்கான பிசிஐ விதிமுறையில் 2013 செப்டம்பரில் தேறியது. அந்த வருடக் கடைசியில், பண்டிகைக் கூட்டத்தில், ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரம் அங்கிருந்து திருடுபோனது.

இவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்களா?

அவசரப்படாதீர்கள். லீகல்காரரை ஓரமாக அழைத்துக்கொண்டு போய்க் கேட்டால் நியாயமான ஒரு பதில் வைத்திருப்பார். ஹெல்மெட் விற்கும் கடைக்காரர் ஐஎஸ்ஐ முத்திரைக்குப் பொறுப்பேற்கலாம். வாங்கியவர் அதைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு அண்ணா சாலையில் போனால் போலீஸ் போடும் அபராதத்தைக் கடைக்காரர் கட்டுவாரா? கம்ப்ளையன்ஸ் என்பது மென்பொருளுக்குள் அடைத்து விற்கக்கூடிய சரக்கு அல்ல. அதை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி வேலை பார்க்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

மருந்து நிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரியும். மின்னணுப் பதிவுகளுக்கும் கையெழுத்துகளுக்கும் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் ‘பார்ட் 11’ என்ற விதியைக் கொண்டுவந்தது. அதற்கு மென்பொருளில் சில வசதிகள் வேண்டும். கூடவே எழுதி வைத்த நடைமுறை, பயிற்சி, நம் இடத்தில் நம் வேலைக்கு அது சரியாக ஓடுகிறது என்பதற்கான சோதனை ஆவணம் எல்லாம் வேண்டும். இதில் முதலாவதை மட்டுமே விற்க முடியும். எஃப்டிஏ எந்த மென்பொருளுக்கும் ‘பார்ட் 11’ முத்திரை குத்துவதில்லை.

அமேசான் வெப் சர்வீசஸ் இதைச் சாமர்த்தியமாகக் கையாள்கிறது. கிளவுடின் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு, கிளவுடுக்குள் நீங்கள் வைப்பதன் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு என்று கோடு கிழித்திருக்கிறது. தன் சேவைகளின் பட்டியலுக்கு அது வைத்திருக்கும் தலைப்பையும் பாருங்கள்: ‘ஹிப்பாவுக்குத் தகுதியுள்ள சேவைகள்’. தகுதி இருக்கிறது, மணமேடை ஏறுவது உங்கள் சாமர்த்தியம் என்ற தொனி!

சட்டங்களும் அதே பக்கம்தான் சாய்கின்றன. 2018 மே 25 முதல் அமலில் உள்ள ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், சான்றிதழ் வாங்கியதால் உங்கள் பொறுப்பு குறையாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம் ஊரின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு படி மேலே போகிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உங்களுக்காக இன்னொருவர் தரவைக் கையாண்டாலும் சரி, பொறுப்பு உங்களுடையது என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. உச்சபட்ச அபராதம் 250 கோடி ரூபாய்.

இன்சூரன்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தில் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட பொறுப்புகளுக்குத் தொழில்முறைக் காப்பீட்டு பாலிசிகள் பல பணம் தருவதில்லை. எனவே தாராளமாகக் கையெழுத்துப் போட நினைக்கும் நிறுவனத்தின் கையையும் அதன் காப்பீட்டாளர் பிடித்துக்கொள்வார்.

ஆக, உத்தரவாதம் கொடுக்க மறுப்பதில் நியாயம் இருக்கிறது. கொடுக்க முடியாது என்று தெரிந்தே விளம்பரத்தில் கொடுப்பதுதான் வில்லங்கம்.

பதினாறே பதினாறு மருந்துகள்!

இப்போது இந்தச் சுற்றுலாவிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2009-இல் அமெரிக்க அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. டாக்டர்கள் காகிதக் கோப்பை விட்டுவிட்டு மின்னணு மருத்துவப் பதிவுக்கு மாறினால் ஊக்கத்தொகை. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வழியாக ஒரு டாக்டருக்குச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 44,000 டாலர் வரை கிடைக்கும். முக்கியமான ஒரு நிபந்தனை, சான்றிதழ் பெற்ற மென்பொருளாக இருக்க வேண்டும். மென்பொருள்காரரின் ‘கம்ப்ளையன்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அரசாங்கக் கஜானா வந்து நின்றது.

சான்றிதழுக்கான சோதனையில், மருந்துகளுக்கான பொதுக் குறியீடுகளை மென்பொருள் கையாள வேண்டும். முழு மருந்துத் தரவுத்தளத்திலிருந்து எந்தக் குறியீட்டைக் கேட்டாலும் எடுத்துத் தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஈகிளினிக்கல்வொர்க்ஸ் என்ன செய்தது தெரியுமா? அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டுப்படி, சோதனைக்குத் தேவையான 16 குறியீடுகளை மட்டும் நேரடியாக நிரலுக்குள் தட்டச்சு செய்து வைத்துவிட்டது! சோதித்தவர் கேட்டார், மென்பொருள் கொடுத்தது, சான்றிதழ் கிடைத்தது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு சரியாக இல்லை என்றும், ஒரு மருந்து இன்னொன்றோடு முட்டுமா என்று பார்க்கும் சோதனை சில நேரங்களில் நம்பும்படி இல்லை என்றும் குற்றச்சாட்டு நீண்டது. சிரிப்பு இந்த இடத்தில் கொஞ்சம் அடங்கத்தான் வேண்டும். அந்தத் திரையைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார்.

மாட்டிவிட்டது யார்? நியூயார்க் நகராட்சியில் வேலை பார்த்த ஒரு மென்பொருள் தொழில்நுட்பர். வழக்குக்குக் கைகொடுத்தது 1863-ஆம் ஆண்டுச் சட்டம்! உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்று அரசை ஏமாற்றிய வியாபாரிகளைப் பிடிக்க, லிங்கன் காலத்தில் போட்ட பொய்க் கோரிக்கைகள் சட்டம். துப்புக் கொடுப்பவருக்கும் பங்கு உண்டு என்பது அதன் விசேஷம். 2017 மே மாதம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 15.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. தொழில்நுட்பருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3 கோடி டாலர்.

ஒரு தடவைதானே என்கிறீர்களா? 2019 பிப்ரவரியில் கிரீன்வே ஹெல்த், 5.725 கோடி டாலர். சோதனைக்கு ஓட்டிக்காட்டிய மென்பொருளை மாற்றி அமைத்திருந்தது என்பது குற்றச்சாட்டு. 2023 ஜூலையில் நெக்ஸ்ட்ஜென், 3.1 கோடி டாலர்; சோதனையைத் தாண்டுவதற்கென்றே செய்த துணை மென்பொருளை வைத்துச் சமாளித்தது என்பது குற்றச்சாட்டு. பல் டாக்டர்களையும் விட்டுவைக்கவில்லை. டென்ட்ரிக்ஸ் ஜி5 என்ற மென்பொருள் துறைத்தரத்தில் என்கிரிப்ட் செய்கிறது, ஹிப்பாவைக் கடைப்பிடிக்க உதவும் என்று ஹென்றி ஷைன் பிராக்டிஸ் சொல்யூஷன்ஸ் விளம்பரம் செய்தது. உள்ளே இருந்தது அதைவிட எளிய மறைப்பு முறைதான், அது நிறுவனத்துக்கும் தெரியும் என்றது மத்திய வர்த்தக ஆணையம். 2016 ஜனவரியில் 2.5 லட்சம் டாலர்.

ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவப் பதிவு வழக்குகளில் பெரிய தொகை வந்தது அரசுப் பணம் நடுவில் இருந்ததால். சான்றிதழை நம்பி வாங்கிய டாக்டர் தன் ஒப்பந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகப் போயிருந்தால், முதலில் கேப் பிரிவோடுதான் மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

எம்பிஏ பட்டம் வாங்கிய லூலு

கேப் உடையவே உடையாதா? உடையும். உடைத்த கதையில் ஒரு நாய் வருகிறது!

2000-ஆம் ஆண்டு, பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம், வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் அமைப்பை உருவாக்கும் பணியை ஈடிஎஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. மதிப்பு ஏறத்தாழ 4.8 கோடி பவுண்டு. வேலை இழுத்தது, செலவு எகிறியது, வழக்கு வந்தது. ஒப்பந்தத்தில் இருந்த கேப் 3 கோடி பவுண்டு. ஆனால் ஆங்கிலச் சட்டத்தில், மோசடியாகப் பொய் சொல்லி வியாபாரத்தைப் பிடித்தால் அந்தக் கேப் காப்பாற்றாது.

விற்கும்போது முக்கியப் பங்கு வகித்த மேலாளர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றில் உள்ள ஒரு கல்லூரியில் எம்பிஏ படித்ததாகச் சொன்னார். வகுப்புக்குப் போனேன், விமானத்தில் போனேன் என்று விவரித்தார். அந்தத் தீவில் அப்படியொரு கல்லூரியும் இல்லை, விமான நிலையமும் இல்லை! ஸ்கையின் வக்கீல் அதே கல்லூரியின் இணையதளத்தில் பணம் கட்டி, தன் நாய் லூலுவுக்கு எம்பிஏ பட்டம் வாங்கிக்கொண்டு வந்தார். லூலு வாங்கிய மதிப்பெண் சாட்சியுடையதைவிட அதிகம்.

2010 ஜனவரியில் தீர்ப்பு. எவ்வளவு காலத்தில் முடிப்போம் என்பதை முறையாக ஆராய்ந்துதான் சொன்னோம் என்ற பேச்சு மோசடி என்றது நீதிமன்றம். ‘முழு ஒப்பந்தம்’ பிரிவும் காப்பாற்றவில்லை, கேப்பும் காப்பாற்றவில்லை. அதே ஆண்டு 31.8 கோடி பவுண்டுக்குச் சமரசம். தெரிந்தே சொன்ன பொய்யை எந்தப் பெரிய எழுத்தாலும் கழுவ முடியாது என்பது மென்பொருள் உலகத்துக்குப் புரிந்தது. லீகல்காரர்கள் மார்க்கெட்டிங்கின் பிரசுரத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

எதற்குக் கையெழுத்துப் போடுவார்கள்?

வெறுங்கையோடு வெளியே வர வேண்டாம். கம்பெனிக்குள் சுற்றியதில் தெரிந்த கடைசி ரகசியம் இது: பெரிய வாக்கியத்துக்கு மறுக்கும் அதே கை, சின்ன வாக்கியங்களுக்கு மறுக்காமல் கையெழுத்துப் போடும். ‘நீங்கள் சட்டப்படி சரியாக இருப்பீர்கள்’ என்று எந்த வக்கீலும் எழுதமாட்டார். கீழே இருப்பவற்றை எழுதுவார். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

● தகவல் கசிந்தால் இத்தனை மணி நேரத்துக்குள் சொல்வோம்.

● தகவல் இந்த நாட்டில்தான் இருக்கும், இந்த முறையில்தான் என்கிரிப்ட் ஆகும்.

● கேள்வித்தாளில் எழுதிய பதில்கள் ஒப்பந்தத்தின் பகுதி.

● தணிக்கை அறிக்கையை ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக் காட்டுவோம். நீங்கள் வாங்கும் சேவை அதன் எல்லைக்குள் இருக்கும்.

● சட்டம் மாறினால் இத்தனை நாளுக்குள் மென்பொருளை மாற்றுவோம். முடியாவிட்டால் மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தருவோம்.

● தரவுக் கசிவுக்கு மட்டும் கேப் தனி. அது பல மடங்கு அதிகம்.

● விலகும்போது உங்கள் தரவை முழுதாகக் கையில் கொடுத்துவிட்டு, எங்களிடம் உள்ளதை அழிப்போம்.

இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போங்கள். எந்த வரியில் எதிரே இருப்பவர் நெளிகிறார் என்று பாருங்கள். அந்த வரிதான் அவருடைய மென்பொருளின் உண்மையான விளம்பரம். அடுத்த டெமோவில் அவர் ‘நூறு சதவீதம்’ என்று தொடங்கும்போது நீங்களும் உற்சாகமாகத் தலையாட்டிவிட்டு, “சூப்பர் சார், இதுல எந்த வரிக்கு நீங்க கையெழுத்துப் போடுவீங்க?” என்று கேட்டுவிடுங்கள். வியாபாரம் அங்கிருந்து தொடங்கட்டும்!